ஆற மறந்த குதிகால்

காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீரென்று குத்துகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி நடந்தால் வலி மெல்லத் தணிகிறது. மதியம் வரை ஒன்றும் தெரிவதில்லை. சற்று நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே குத்தல். நம் வீடுகளில் இதற்குக் குதிவாதம் என்று பெயர். பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரும் தொல்லை இது. அமெரிக்காவில் மட்டும் இதற்காக ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை மருத்துவரைத் தேடிப் போகிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டு.

பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வலி அடங்கிவிடும். அடங்காதவர்களின் பாடுதான் திண்டாட்டம். மாத்திரை, தைலம், வெந்நீர் ஒத்தடம், மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'இனி ஆபரேஷன்தானா டாக்டர்?' என்று கேட்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கான பதில் நிறைய மாறியிருக்கிறது. மாத்திரைக்கும் கத்திக்கும் நடுவில் அதிர்வலை, ஊசி, நுண்துளைச் சிகிச்சை என்று ஒரு வரிசையே உருவாகியிருக்கிறது. இவற்றில் எது யாருக்கு உதவும் என்று தெரிய வேண்டுமானால், வலி எங்கே பிறக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

முள் மேல் விழுந்த பழி

குதிகால் வலி என்று போனால் முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் குதிகால் எலும்பின் அடியில், விரல்களை நோக்கி நீண்ட சிறு முள் ஒன்று தெரியும். 'எலும்பு வளர்ந்திருக்கு, அதான் குத்துது' என்று பக்கத்து வீட்டுக்காரர் வரை தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்; முள்ளைச் செதுக்கி எடுக்கும் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன.

ஆனால், குதிகாலில் வலியே இல்லாதவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அவர்களிலும் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு அந்த முள் இருக்கிறது. கடும் வலியால் துடிப்பவர்களில் பலருக்கு முள்ளே இருப்பதில்லை. சிகிச்சைக்குப் பிறகு வலி முழுதாகப் போனவர்களுக்கும் முள் அப்படியே இருக்கும். முள் பெரும்பாலும் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதும் இல்லை. அது கிடைமட்டமாக முன்னோக்கி, பாதத்தின் சிறு தசைகள் எலும்பில் ஒட்டும் இடத்தில் வளர்கிறது. அதனால் நடக்கும்போது தரைக்கும் எலும்புக்கும் நடுவே அது குத்துகிறது என்ற கற்பனை பொருந்தாது. நெடுநாள் இழுவிசைக்கு எலும்பு காட்டிய எதிர்வினை என்று வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

பாதத்தைத் தாங்கும் பட்டை

வலியின் உண்மையான இருப்பிடம் 'பிளான்டார் ஃபேசியா' என்னும் நார்ப்பட்டை. குதிகால் எலும்பின் அடியில் உட்புறமாகத் தொடங்கி, விசிறிபோல் விரிந்து, ஐந்து விரல்களின் அடிவரை போகும் கெட்டியான பட்டை அது. பாதத்தின் வளைவு சரிந்துவிடாமல் இழுத்துக் கட்டி நிறுத்துவது அதன் வேலை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை 1954-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜே.எச். ஹிக்ஸ் விளக்கினார். கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்ற வாளி மேலே வருவதுபோல, கால் விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது இந்தப் பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இழுபட்டு, குதிகாலை முன்னோக்கி இழுத்து, பாத வளைவை உயர்த்துகிறது. நெகிழ்ந்திருந்த பாதம் அந்தக் கணத்தில் விறைத்து, உடலை முன்னே தள்ளும் நெம்புகோலாகிறது. ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது. இதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். உட்கார்ந்து ஒரு காலை மறு தொடை மேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் கால் விரல்களை முழங்காலை நோக்கி வளைத்து இழுங்கள். மறு கைக் கட்டைவிரலால் பாதத்தின் உள்வளைவை அழுத்துங்கள். வில் நாண்போல் விறைத்து நிற்கும் ஒரு பட்டை கையில் தட்டுப்படும். அதைப் பிடித்தபடியே குதிகால் வரை தடவிக்கொண்டு போனால் அது எலும்பில் ஒட்டும் இடம் வரும். குதிவாதம் உள்ளவர்கள் அங்கே அழுத்தியதும் 'ஆ' என்பார்கள்.

யாருக்கு இந்த இடம் பழுதாகிறது? 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று மூன்று காரணங்களைத் தனித்தனியே அளந்தது. உடல் நிறைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர்களுக்கு வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல். வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பவர்களுக்கு மூன்றரை மடங்கு. இவை இரண்டையும் விட வலுவான காரணம், கணுக்காலை மேல்நோக்கி மடக்க முடியாத அளவுக்குக் கெண்டைக்கால் தசை இறுகியிருப்பது. தசை இறுகினால் குதிநாண் குதிகாலைப் பின்னுக்கு இழுக்கும். அந்தப் பாரம் முழுவதும் நார்ப்பட்டையின் தலையில் விழும்.

ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் விற்பனைப் பெண்கள், போக்குவரத்துக் காவலர்கள், செவிலியர்கள், சமையற்கட்டின் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்கள் என்று இந்த நோய் யாரைப் பிடிக்கும் என்பது நமக்கும் தெரிந்ததுதான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், ஒரு வகையில் குதிகாலுக்கும் சேர்த்துச் செய்த வைத்தியம்.

ஐம்பது திசுத் துண்டுகள்

நெடுங்காலமாக இந்த நோயை அழற்சி என்றே எண்ணினார்கள். வீக்கம், சூடு, வெள்ளணுக்களின் படையெடுப்பு இவற்றோடு கூடிய கொதிநிலை என்று அர்த்தம். அழற்சி என்றால் மருந்தும் சுலபம்: அழற்சியைத் தணிக்கும் மாத்திரை, ஐஸ், ஸ்டீராய்டு ஊசி.

அமெரிக்கப் பாத மருத்துவர் ஹார்வி லெமான்ட்டும் அவருடைய சகாக்களும் 2003-இல் இந்த எண்ணத்தை அசைத்தார்கள். குதிகாலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 50 பேரின் திசுத் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அழற்சிக்குரிய அணுக்களைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அங்கே இருந்தது வேறு: ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய கொலாஜன் இழைகள் சிதைந்தும் துண்டுபட்டும், இடையிடையே கொழகொழப்பான பொருள் நிரம்பியும் கிடந்தன. தினமும் கிழிந்து, தினமும் ஒப்பேற்றப்பட்டு, ஒரு கட்டத்தில் பழுதுபார்க்கும் வேலையையே உடல் பாதியில் போட்டுவிட்டுப் போன திசு அது.

இந்தப் பட்டைக்கு இயல்பிலேயே இரத்த ஓட்டம் குறைவு. காயம் ஆற வேண்டுமானால் முதலில் இரத்தம் வர வேண்டும்; அதோடு தட்டணுக்களும் வளர்ச்சிக் காரணிகளும் வர வேண்டும். அதன் பிறகுதான் புது இழை நெய்யப்படும். நாட்பட்ட குதிவாதத்தில் இந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. சிதைந்த இடத்தில் ஒழுங்கற்ற புது இரத்த நாளங்கள் முளைப்பதும், அவற்றோடு வலி நரம்புகள் ஒட்டிக்கொண்டு வளர்வதும் உண்டு. ஆறவும் இல்லை, வலியும் ஓயவில்லை என்ற நிலை இதுதான். இன்றைய நுண்சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றின் தர்க்கமும் இங்கிருந்தே தொடங்குகிறது. ஆற மறந்த திசுவில் அளவான ஒரு புதுக் காயத்தை உண்டாக்கி, ஆறும் வேலையை மறுபடி தொடங்கி வைக்கிறார்கள்.

பழைய ஊசியின் கணக்கு

இந்தத் தர்க்கத்துக்கு எதிர்த்திசையில் போவது ஸ்டீராய்டு ஊசி. நம் ஊரில் குதிவாதத்துக்கு 'ஊசி போட்டாச்சு' என்றால் பெரும்பாலும் இதுதான். விலை மலிவு, ஐந்து நிமிட வேலை, சில நாட்களில் வலி குறைந்துவிடும். அதனால்தான் இதற்கு இவ்வளவு கிராக்கி.

அந்தக் குறைவு எத்தனை நாளைக்கு? 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 82 பேருக்கு ஸ்கேன் வழிகாட்டலுடன் ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். நான்காவது வாரத்தில் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்திருந்தது. எட்டாவது வாரத்தில் வலியில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டு 2017-இல் வெளியான காக்ரேன் திறனாய்வும், பலன் கிடைத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு, அதுவும் சிறிதளவுதான் என்று முடித்தது.

ஊசியை அடிக்கடி போடுவதில் ஆபத்தும் இருக்கிறது. ஸ்டீராய்டு கொலாஜனை நலிவுறச் செய்யும்; குதிகாலின் கொழுப்பு மெத்தையையும் கரைக்கும். 1998-இல் வெளியான அமெரிக்க அறிக்கை ஒன்று, 765 குதிவாத நோயாளிகளில் 51 பேருக்கு நார்ப்பட்டை அறுந்திருந்ததையும், அவர்களில் 44 பேர் அதற்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்பதையும் பதிவு செய்தது. பட்டை அறுந்தால் குதிகால் வலி போய்விடலாம். பாத வளைவு தாழ்ந்து, புறங்காலில் புது வலி தொடங்கிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் இரத்தச் சர்க்கரை எகிறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கல்யாணம், தேர்வு, பயணம் என்று ஒரு மாத நிம்மதி அவசியப்படும்போது ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். நாட்பட்ட வலிக்கு அது தீர்வாகாது.

சிறுநீரகக் கல்லிலிருந்து குதிகாலுக்கு

அதிர்வலைச் சிகிச்சையின் கதை விமானத்திலிருந்து தொடங்குகிறது. மேற்கு ஜெர்மனியின் விமானத் தயாரிப்பு நிறுவனமான டோர்னியரில், அதிவேக விமானத்தில் மோதும் மழைத்துளிகள் உலோகத்தின் உட்புறத்தைக்கூடச் சேதப்படுத்துவது ஏன் என்று ஆராய்ந்தபோது அதிர்வலைகளின் சக்தி கவனத்துக்கு வந்தது. அந்தச் சக்தியைக் குவித்து உடலுக்குள்ளிருக்கும் கல்லை உடைக்கலாமே என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது. 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் மருத்துவர் கிறிஸ்டியன் சவுசி குழுவினர் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தியின்றி அதிர்வலையால் நொறுக்கினார்கள்.

அந்த அலையை எலும்பும் தசைநாணும் சேரும் இடங்களில் செலுத்தினால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. குதிகாலில் அதிர்வலை எதையும் நொறுக்குவதில்லை; முள்ளும் உடைவதில்லை. சிதைந்த திசுவில் மிக நுண்ணிய காயங்களை உண்டாக்கி, இரத்த நாளங்கள் வளரத் தூண்டுகிறது. வலி நரம்பு முனைகளையும் களைப்படையச் செய்கிறது. 2000-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கான கருவி ஒன்றுக்கு அனுமதி வழங்கியது.

பிறகுதான் குழப்பம் வந்தது. 2002-இல் 166 பேரைக் கொண்ட ஆஸ்திரேலிய ஆய்வும், 2003-இல் 272 பேரைக் கொண்ட ஜெர்மன் ஆய்வும் அதிர்வலைக்கும் போலிச் சிகிச்சைக்கும் வித்தியாசமே இல்லை என்றன. கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்த ஜெர்மன் ஆய்வில், அலை செலுத்துமுன் எல்லோருக்கும் குதிகாலில் மரப்பு ஊசி போட்டிருந்தார்கள். 2005-இல் யான் ரோம்பே என்ற ஜெர்மன் மருத்துவரின் குழு இந்த ஒரு விஷயத்தை மட்டும் சோதித்தது: ஒரு பிரிவினருக்கு மரப்பு ஊசியோடு அதிர்வலை, மற்றவர்களுக்கு மரக்கவைக்காமல் அதிர்வலை. வலியைத் தாங்கிக்கொண்டு சிகிச்சை பெற்றவர்களுக்கே பலன் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. வலியை உணரும் நரம்புகளுக்கும் ஆறும் வேலையில் பங்கு இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

மரப்பு ஊசி இல்லாமல், நோயாளி 'இங்கேதான் வலிக்கிறது' என்று சுட்டும் புள்ளியிலேயே அலையைச் செலுத்திய பிந்தைய ஆய்வுகளில் முடிவு மாறியது. 2015-இல் சுமார் 250 பேரிடம் நடந்த சோதனையில், அதிர்வலை பெற்றவர்களில் 54 சதவீதம் பேருக்கும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கும் நல்ல பலன் கிடைத்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பலன் உண்மை, ஆனால் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான். போலிச் சிகிச்சையிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் தேறிவிடுவதால், 'எங்கள் மெஷினில் நூற்றுக்கு நூறு குணம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் சந்தேகப்படலாம். தோலில் ஒரு துளைகூட இல்லை, வேலைக்கு லீவு போட வேண்டியதில்லை, வழக்கமாக வாரம் ஒன்றாக மூன்று தடவை போனால் போதும் என்பவை இதன் வசதிகள்.

ஊசி முனையில் ஒரு காயம்

அதிர்வலைக்கு அடுத்த படி, பழுதான இடத்துக்கே நேராக ஊசியைக் கொண்டுபோவது. இதைச் சாத்தியமாக்கியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஆரோக்கியமான நார்ப்பட்டை ஸ்கேனில் 4 மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமனில், சீரான வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். குதிவாதத்தில் அது 5, 6 மில்லிமீட்டர் என்று தடித்து, எலும்போடு ஒட்டும் இடத்தில் கோடுகள் கலைந்து கருமையாகத் தெரியும். முன்பு குத்துமதிப்பாகப் போட்ட ஊசியை இப்போது திரையில் பார்த்தபடி அந்தக் கருமைக்குள் செலுத்தலாம்.

பி.ஆர்.பி. எனப்படும் தட்டணுச் செறிவு ஊசியை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் கையிலிருந்து இரத்தம் எடுத்து, சுழற்சிக் கருவியில் வைத்துச் சுற்றுவார்கள். சில நிமிடங்களில் சிவப்பணுக்கள் குழாயின் அடியில் தங்கும். மேலே இளமஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தனியே உறிஞ்சி எடுக்கிறார்கள். அதற்குள் நோயாளி குப்புறப் படுத்து, பாதம் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி தயாராகியிருப்பார். குதிகாலின் அடித்தோல் தடிமனானது, குத்தினால் உயிர் போகும். அதனால் மெல்லிய தோலுள்ள உள்பக்கத்திலிருந்து ஊசி நுழையும். கணுக்காலின் உட்புறம் ஓடும் நரம்பை முன்பே மரக்கவைத்துவிடுவதும் உண்டு. திரையில் ஊசி பளீரென்ற கோடாக முன்னேறுவது தெரியும். பழுதான இடத்தை அடைந்ததும் மருத்துவர் ஊசியை முழுதாக வெளியே எடுக்காமல், முன்னும் பின்னுமாகப் பல தடவை குத்துகிறார். தொடக்கத்தில் ஊசி முனையில் நறநறவென்ற தடை கைக்குத் தெரியும். குத்தக் குத்த அது இளகிவிடும். தோலில் தெரிவது ஒரே ஒரு புள்ளி. உள்ளே நார்ப்பட்டையில் டஜன் கணக்கில் சிறு துளைகள். அவற்றிலிருந்து இரத்தம் கசியும். அதோடு தட்டணுக்களையும் செலுத்துகிறார். அவை உடைந்து, புது இரத்த நாளங்களையும் இழை நெய்யும் செல்களையும் அழைக்கும் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடும்.

பலன் எப்படி? 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 40 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மற்றவர்களுக்குப் பி.ஆர்.பி. மூன்று மாதத்தில் இரு தரப்பாரும் தேறினார்கள். ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு போட்டவர்கள் கிட்டத்தட்ட தொடங்கிய இடத்துக்கே திரும்பினார்கள், பி.ஆர்.பி. போட்டவர்களின் முன்னேற்றம் இரண்டாண்டு வரை நீடித்தது. சிறிய ஆய்வுதான். 2019-இல் நெதர்லாந்தில் 115 பேரைச் சேர்த்து நடந்த பெரிய ஆய்வும் அதே பக்கமே சாய்ந்தது: ஓராண்டில் வலி குறைந்தபட்சம் கால்வாசி குறைந்தவர்கள் பி.ஆர்.பி. பிரிவில் 84 சதவீதம், ஸ்டீராய்டு பிரிவில் 56 சதவீதம்.

இதில் விடை காணாத கேள்வி ஒன்று உண்டு. வேலை செய்தது தட்டணுவா, ஊசிக் குத்தலா? மருந்து எதையும் செலுத்தாமல் வெறும் ஊசியால் துளையிட்டாலே பலருக்கு வலி குறைகிறது. பி.ஆர்.பி. தயாரிப்பும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. விலையும் கொஞ்சநஞ்சமல்ல. அதனால், முதலில் வெறும் ஊசித் துளைப்பைச் செய்து பார்ப்போம் என்று மருத்துவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. இரண்டில் எதைச் செய்தாலும், முதல் சில நாட்கள் வலி கூடும். அதற்குப் பயந்து அழற்சித் தணிப்பு மாத்திரைகளை விழுங்கினால், காசு கொடுத்து மூட்டிய தீயை நாமே அணைத்த கதையாகிவிடும்.

பல் மருத்துவர், கண் மருத்துவர், குதிகால்

இன்னொரு கருவி, இன்னும் சுற்றிவளைத்து வந்தது. 1960-களில் நியூயார்க் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரிடம் போயிருந்தபோது, பல்லின் காரையை மீயொலியால் அதிர்ந்து நீக்கும் கருவியைக் கவனித்தார். சுற்றியுள்ள எதையும் அசைக்காமல் காரையை மட்டும் அது நீக்கியது. அதே தத்துவத்தில் கண்புரையைச் சிறு துளை வழியே கரைத்து உறிஞ்சும் முறையை உருவாக்கி, 1967-இல் முதல் நோயாளிக்குச் செய்தார். இன்று நம் பாட்டிகள் காலையில் போய் மாலையில் திரும்பிவரும் கண்புரைச் சிகிச்சை அதன் வழிவந்ததே.

அந்த அதிரும் ஊசியைத் தசைநாண்களுக்கு ஏற்பத் திருத்தியமைத்தவர்கள் அமெரிக்க மருத்துவர்கள். முழங்கை வலிக்கு அதைச் சோதித்து 2013-இல் முடிவு வெளியிட்டவர்கள் சிங்கப்பூர் மருத்துவர்கள். பிறகு அது குதிகாலுக்கும் வந்தது. சில மில்லிமீட்டர் கீறல் வழியே ஊசியை நுழைத்து, ஸ்கேனைப் பார்த்தபடி, நோயுற்ற மென்மையான திசுவை மட்டும் மீயொலி அதிர்வால் உடைத்து நீரோடு உறிஞ்சி எடுக்கிறார்கள். கெட்டியான நல்ல இழை அந்த அதிர்வுக்கு மசிவதில்லை. தையல் தேவையில்லை, ஒரு ஒட்டுப்பட்டை போதும். முதற்கட்ட முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை. கருவியின் ஊசி ஒருமுறை பயன்பாட்டுக்கானது என்பதால் செலவும் அதிகம்.

ஜப்பானிய மருத்துவர் யூஜி ஒகுனோ வேறு கோணத்தில் யோசித்தார். பழுதான இடத்தில் முளைக்கும் ஒழுங்கற்ற இரத்த நாளங்களும் அவற்றோடு வளரும் நரம்புகளும்தான் வலிக்குக் காரணம் என்றால், அந்த நாளங்களையே அடைத்துவிட்டால் என்ன? மெல்லிய குழாயை இரத்த நாளம் வழியே செலுத்தி, நுண்துகள்களால் அவற்றை அடைக்கும் முறையை, நாட்பட்ட தசைநாண் வலிகளுக்கு அவர் 2013-இல் வெளியிட்டார். குதிகாலுக்கு அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில் இருக்கிறது.

கத்தி சுருங்கியபோது

இவை எதற்கும் அடங்காத வலிக்கு இன்றும் அறுவைச் சிகிச்சை உண்டு. அதுவும் சுருங்கிவிட்டது. 1991-இல் அமெரிக்கப் பாத மருத்துவர்கள் ஸ்டீபன் பேரட்டும் ஸ்டீபன் டேயும், குதிகாலின் இரு பக்கமும் சிறு துளையிட்டு, உள்ளே கேமரா வைத்த குழாயை விட்டு, நார்ப்பட்டையின் உள்பக்க இழைகளை மட்டும் வெட்டிவிடும் முறையை அறிமுகப்படுத்தினார்கள். வெட்டுவது எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். பாதிக்கு மேல் வெட்டினால் ராட்டினக் கயிறே தளர்ந்த கதையாகி, பாத வளைவு சரிந்து புறப்பாதம் வலிக்கத் தொடங்கும். அதனால் பலர் மூன்றிலொரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கெண்டைக்கால் தசை மிகவும் இறுகியவர்களுக்கு, பட்டையைத் தொடாமல் அந்தத் தசையின் ஒரு பகுதியைத் தளர்த்துவதும் உண்டு.

ஊசிக்கு முன்னும் பின்னும்

இத்தனை கருவிகளைப் பற்றிப் படித்ததும் நேராக ஊசிக்குப் போய்விடலாம் என்று தோன்றும். அவசரம் வேண்டாம். கத்தியும் ஊசியும் இல்லாத ஒரு சிகிச்சை, இவற்றில் பலவற்றைவிட நல்ல கணக்குக் காட்டியிருக்கிறது. நாட்பட்ட குதிவாதம் உள்ள 101 பேரைச் சேர்த்து 2003-இல் அமெரிக்க மருத்துவர் பெனடிக்ட் டிஜியோவான்னியின் குழு வெளியிட்ட ஆய்வில், மேலே நாம் செய்து பார்த்த அதே விரல் இழுப்பை, காலையில் முதல் அடி வைக்கும் முன்பே செய்யச் சொன்னார்கள். பத்து எண்ணும்வரை பிடித்து, பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. இரண்டாண்டு கழித்துத் தொடர்புகொள்ள முடிந்தவர்களில் 92 சதவீதம் பேர் திருப்தி தெரிவித்தார்கள்.

2015-இல் டென்மார்க்கின் மைக்கேல் ராத்லெஃப் குழு இதற்கு மேலே போனது. சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாவது மாதத்தில் வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டில் இரு தரப்பும் சமமானது. பாரம் ஏற்றும் இந்தப் பயிற்சியும் ஊசியும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: ஓய்ந்துபோன திசுவுக்கு 'ஆறு' என்று உத்தரவிடுகின்றன. ஊசி தொடங்கிவைத்த புது இழைகள் ஒழுங்காக அடுக்கப்படுவதற்கும் இதே பயிற்சிதான் வழி. ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியை விடுவது, நாற்று நட்டுவிட்டு நீர் பாய்ச்சாமல் போவதற்குச் சமம்.

'தானே போய்விடும்' என்று சும்மா இருப்பதும் சரியில்லை. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், நோய் தொடங்கிப் பத்தாண்டு கழித்தும் சுமார் 45 சதவீதம் பேருக்குக் குதிவாதம் நீடித்தது.

எல்லாக் குதிகால் வலியும் குதிவாதம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் இறுகிப்போகும் இளைஞருக்கு முதுகெலும்பு மூட்டழற்சி இருக்கலாம். எரிச்சலும் மரமரப்பும் சேர்ந்தால் நரம்பு அழுத்தமோ சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்போ காரணமாகலாம். குதிகாலை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கக்கூடும். படுத்திருக்கும்போதும் இரவிலும் ஓயாத வலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவர்களுக்கு நார்ப்பட்டையில் எத்தனை ஊசி குத்தினாலும் பயனில்லை.

ஆகவே, வரிசை முக்கியம். முதல் ஆறு மாதம் விரல் இழுப்பு, குதிகால் உயர்த்தல், மெத்தென்ற செருப்பு, எடைக் குறைப்பு, நிற்கும் வேலைக்கு இடையே ஓய்வு. வலி நீடித்தால் ஸ்கேன் எடுத்து நோயை உறுதிசெய்துகொண்டு அதிர்வலை, அதற்கும் மசியாவிட்டால் ஸ்கேன் வழிகாட்டும் ஊசி அல்லது மீயொலிச் சிகிச்சை, கடைசியாகத்தான் கத்தி. சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் வலி நார்ப்பட்டையிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதிசெய்தீர்கள்? ஊசியை ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா? அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டிய பயிற்சி என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.